இப்படிக்கு, சபையார் எல்லோரும்

ஆர்டிஸ் லுண்ட்குவிஸ்ட் ஆறுதல் கார்டு எழுத உட்கார்ந்தால் முதலில் பேனாவைத் தொடமாட்டாள். யாருக்கு எழுதப் போகிறாளோ அவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசுவாள். பிறகுதான் மூடியைக் கழற்றுவாள். அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், லூத்தரன் சபையின் கார்டு கமிட்டி என்பது பல வருடமாக அவள் ஒருத்திதான். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடப்பவர், மனைவியை இழந்தவர், ஆலங்கட்டி மழைக்குக் கோதுமையைப் பறிகொடுத்தவர், யாரையும் விடமாட்டாள். நேருக்கு நேர் ஆறுதல் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் தாராளமாக வரும். அடியில் தன் பெயரை மட்டும் போட்டதே இல்லை. ‘இப்படிக்கு, சபையார் எல்லோரும்’ என்றுதான் முடிப்பாள். தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வது அந்த ஊரில் அழகல்ல. கார்டு கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காபி வேளையில் பாஸ்டரின் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். அவள் பக்கத்திலேயே நின்று கோப்பை கழுவிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி ஐந்து வாரம். அடுத்த வீட்டுக்காரர்கள் வழக்கம்போல் அரிசோனாவுக்கு வெயில் காயப் போயிருந்தார்கள். தினமும் பதினொரு மணிக்குத் தபால் வரும். மின்சார பில் வரும், விதைக் கடை விளம்பரம் வரும். கார்டு வரவில்லை. ஒரே ஒரு கார்டு போதும். அதற்காக ஏங்குவது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஏங்கினாள்.

புதிதாக வந்த பாஸ்டர் ஒருநாள் பார்க்க வந்தார். சின்ன வயசு, நல்ல மனசு.

“ஞாயித்துக்கெழம உங்களுக்காக ஜெபம் பண்ணினோம். கமிட்டியில இருந்து கார்டு வந்திருக்குமே?”

“வந்துச்சு பாஸ்டர்.”

பொய். ஊரையே நினைத்துக்கொண்டிருந்தவளை ஊர் ஒரு கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அந்தக் கமிட்டியே நான்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் போன பிறகு அழுதாள்.

மார்ச் மாதம் போன் அடித்தது. ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் வெர்லின் ஹாகன். மனைவி லவோன் இறந்ததிலிருந்து சர்ச் வாசலை மிதிக்காதவர். வாயைத் திறந்தால் குத்தல்.

“என் கார்டு வரல,” என்றார் எடுத்த எடுப்பிலேயே. “நேத்து லவோன் போன நாள். பத்து வருஷமா தவறாம வரும். சபை ஆபீசுல கேட்டா, எழுதுறது நீதாங்கிறாங்க. நான் அத்தன பேரும் சேந்து அனுப்புறாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“இடுப்பு ஒடஞ்சு கெடக்கேன் வெர்லின். மறந்துட்டேன். மன்னிச்சுக்கோ.”

“ஒடஞ்சுதா? எங்கிட்ட யாரும் சொல்லலையே.” கொஞ்ச நேரம் இருமினார். “உனக்கு யாரு கார்டு போட்டா?”

பழைய பொய் நாக்கு நுனிவரை வந்தது. “யாரும் போடல,” என்றாள்.

மறுமுனையில் எதையோ திறந்து துழாவும் சத்தம். “பேனா எடுத்துட்டேன். எனக்கு இதெல்லாம் வராது. வழக்கமா என்ன எழுதுவே, சொல்லு.”

“எனக்கு எழுத நானே சொல்லணுமா?”

“பின்ன? கமிட்டி நீதானே.”

சிரித்தால் இடுப்பு வலித்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். நடுவில், “மெதுவா சொல்லு, நான் என்ன டைப் மிஷினா?” என்று அதட்டினார்.

நான்காம் நாள் தபாலில் அது வந்தது. கார்டுகூட இல்லை, டிராக்டர் கடை கொடுத்த குறிப்புத்தாள். அவள் சொன்னதெல்லாம் கோணல் எழுத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவள் சொல்லாதது: ‘உன் பத்து கார்டும் பத்திரமா இருக்கு. எனக்கு வேற யாரும் எழுதினதில்ல. சபையார் எல்லோரும் இல்ல. வெர்லின் மட்டும்.’

அதை மார்போடு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு கார்டை எடுத்தாள். வெர்லின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் பேசினாள். லவோனைப் பற்றி நாலு வரி எழுதினாள். கடைசி வரியில் பழக்கதோஷத்தில் கை ‘சபையார்’ பக்கம் போனது. நிறுத்திக்கொண்டாள்.

‘இப்படிக்கு, ஆர்டிஸ்’ என்று எழுதும்போது, கை கூசியது.