குதிகால் வலித்த வருஷம்

டிசம்பர் மாதக் காலைகளில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை சில்லிட்டுக் கிடக்கும். கட்டிலிலிருந்து இறங்கி அதில் குதிகாலை ஊன்றினால் எலும்புக்குள் ஆணி இறங்குவது போலிருந்ததால், பதினொரு வயதில் சில மாதங்கள் நான் முன்பாதத்தை மட்டும் ஊன்றியே வீட்டுக்குள் நடமாடினேன்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். அம்மா, நான் படித்த பெண்கள் பள்ளியிலேயே "டிரில் டீச்சர்". வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நிற்பவளைப் பள்ளி வாசலுக்குள் "டீச்சர்" என்றுதான் நான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட சட்டம்.

நான் நன்றாக ஓடுவேன். விளையாட்டு விழாவின் ரிலே ஓட்டத்துக்கு அம்மா என்னைத் தேர்ந்தெடுத்தபோது, "சொந்தப் பொண்ணாச்சே" என்று யாரோ ஒரு டீச்சர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு மற்றவர்களுக்கு மூன்று சுற்று என்றால் எனக்கு ஐந்து. வலி அந்த நாட்களில்தான் தொடங்கியது. வீக்கமில்லை, காயமில்லை, யாருக்கும் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "வளர்ற பிள்ளைக்குக் காலு நோவத்தான் செய்யும்" என்று விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார். அம்மாவோ "டபாய்க்காதே" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

ஒரு நாள், கணுக்கால் பிசகிய ஸ்டெல்லா என்ற பெண்ணை அம்மா நிழலில் உட்கார வைத்தாள். நானும் போய், "டீச்சர், எனக்கும் குதிகால் வலிக்குது" என்றேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கு இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றாள்.

ஓடினேன். அழவில்லை, அழுதால் அதுவும் நடிப்பாகிவிடும் என்று தோன்றியது.

அன்று மாலை நான் மாடிப்படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்குவதை அப்பா பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களையும் பாக்கறே, இவளை மட்டும் பாக்கலையே" என்றார்.

சனிக்கிழமை அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என் குதிகாலை இரு பக்கமும் விரலால் அழுத்தியதும் அலறிவிட்டேன். "நோயெல்லாம் இல்லம்மா. குதிகால் எலும்பு இன்னும் வளந்து முடியலை, அதுக்குள்ள ஓட்டம் ஜாஸ்தி. கொஞ்ச மாசம் ஓட விடாதீங்க, தானா போயிடும்" என்றவர், "இவ்வளவு யாரு ஓட வைக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்புவரைகூட என்னை நடக்க விடாமல் ஜட்கா வண்டி பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பழைய ஃபெல்ட் தொப்பியை வெட்டி, இரண்டு மடிப்பாக என் கேன்வாஸ் ஷூவின் குதிகாலில் வைத்துத் தைத்தாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் ஜெபத்தில் மட்டும்தான் வரும்.

ரிலேயில் என் இடத்தில், கால் சரியாகிவிட்ட ஸ்டெல்லா ஓடினாள். அடுத்த மழைக்காலத்துக்குள் என் வலி போய்விட்டது. எந்த நாளில் போனது என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அம்மா என் பெயரை எழுதவில்லை. இவள் லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டாள் போலும் என்று நானாக எண்ணிக்கொண்டு, ஓடாமலேயே பள்ளிப் படிப்பை முடித்தேன்.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஜட்காக்கள் போய் எவ்வளவோ காலமாகிறது, அம்மாவும் இல்லை. அவள் ஓய்வு பெற்றபின், அங்கே அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த சமயத்தில், ஒருமுறை இருவரும் அந்த வழியாகப் போனோம். "அப்புறம் ஏம்மா என்னை ஓடவே கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"வலி போச்சான்னு எனக்கெப்படித் தெரியும்? நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள்.

அவளாகக் கூப்பிடுவாள் என்று நான் பள்ளி முடியும்வரை காத்திருந்ததை அன்றும் சொல்லவில்லை.