சம்பந்தி பிடிக்கிறவள்

அழுகிய முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்து, மூக்கைக்கூடச் சுளிக்காமல் ஏரிக்கரையில் வைத்த கம்பிக் கூண்டுக்குள் உடைத்து ஊற்றினாள். "வாங்க சம்பந்தி, கை கழுவிட்டு உக்காருங்க."

சம்பந்தி என்பது பல்லி. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதுவல்ல. ஆள் கால் நீளம், இடுக்கி போலத் தாடை. ஏதோ ஒரு கண்டத்துச் சரக்கு. விரல் நீளக் குட்டியாகக் கடையில் வாங்கிக் கொஞ்சியவர்கள், அது சோபாவை அடைத்துக்கொண்டதும் சத்தமில்லாமல் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

"கூப்பிடாம வந்துச்சு, குடும்பத்தோட தங்கிருச்சு, இருக்கிறதையெல்லாம் தின்னுது. வேற என்னன்னு கூப்பிட?"

வீட்டோடு இருக்கும் மருமகனுக்குத்தான் சுருக்கென்றது. படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறவர், மென்மையானவர். "அத்தை, எங்கப்பாவும் உங்களுக்குச் சம்பந்திதான்."

"அவருக்கு வால் இல்லையே மாப்பிள்ளை."

அவள் ரப்பர் பூட்ஸ் வரும் திசையில் தவளைகள்கூடக் கச்சேரியை நிறுத்திவிடும் என்பார்கள். பொய்யில்லை, வாடை அப்படி. இந்தப் பல்லிகளைப் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் நகராட்சி அவளுக்குச் சம்பளம் தருகிறது. ஆனாலும் தரையில் கூடு வைக்கும் பறவைகளின் முட்டை முழுக்கப் போயிற்று. மிஞ்சியது படகுத்துறை ஓரம் ஒரே ஓர் ஆமைக் குழி. குஞ்சு வெளிவரும் நேரம். குழியைச் சுற்றி நகக்கீறல், கூண்டோ காலி.

கீறலைத் தொடர்ந்து போனவள், சீட்டுக் கவுண்டரின் பின்பக்கம் போய் நின்றாள். மருமகன் குந்தி உட்கார்ந்து நாக்கைச் சொடுக்க, மரப்பலகைக்கு அடியிலிருந்து பல்லி நாய்க்குட்டி போல ஓடி வந்து அவர் டிபன் பாக்ஸில் முகம் புதைத்தது.

"அடப்பாவி! எனக்குத் தண்ணி காட்டிட்டு, நான் அவிச்சுக் குடுத்த முட்டையைத் திங்குதா?"

"பாவம் அத்தை. அதுவும் வந்த எடத்துல பொழைக்குது."

"பொழைக்கட்டும். குழிக்குள்ள இருக்கிற ஆமைக்குஞ்சுங்க எங்க போய்ப் பொழைக்கும்?"

அவர் எழுந்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், மிச்ச முட்டையைத் தம் கையாலேயே கூண்டுக்குள் வைத்து நாக்கைச் சொடுக்கினார். பல்லி அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. கதவு விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் கவுண்டருக்குப் போய்விட்டார்.

"மூக்கு முட்டத் தின்னீங்களா? கெளம்புங்க, சனியன் பிடிச்ச சம்பந்தி" என்று வைதுகொண்டே தன் துண்டால் கூண்டை மூடினாள். வால் நுனி கதவிடுக்கில் சிக்கியிருந்தது. பூட்ஸ் முனையால் கதவை ஒரு மயிரிழை தூக்கி, ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டாள்.