சாமான் வாங்கப் போனவர்கள்

எங்கள் தொழிலில் ஒரு வீட்டை வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். உள்ளே போவோம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்ப்போம். "இதுக்கு ஒரு சாமான் வேணுமுங்க, கடைக்குப் போய் வாங்கிட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்போம். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டோம், போன் வந்தால் எடுக்க மாட்டோம். நாமக்கல்லில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். எத்தனை வீட்டில் இந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அழுக்குக்குப் பயப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான் என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்கூட அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் முழங்கை வரை கையை விட்டவர் கிடையாது. எனக்கு ஒருமுறை எலிக்காய்ச்சல் வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கையில் இருந்த ஒரு சின்னக் கீறல் வழியாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். வேலை செய்யப் போன வீட்டுக்காரர் ஒரு சாத்துக்குடி வாங்கிக்கொண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் நான் கறாரானேன். எலிப் புழுக்கையைக் கண்டால் திரும்பிவிடுவேன். அது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

தப்பு என்றால் வாட்ஸ்அப் குரூப்பைச் சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்ததும் நான்தான். நாமக்கல்லில் இருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் என்று நாற்பது பேர் அதில் இருந்தோம். மோசமான வீடாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட வேண்டும், அடுத்த ஆள் போய் அவதிப்படக் கூடாது என்பது ஏற்பாடு. முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. போகப் போக அது கேலி பேசுகிற இடமாகிவிட்டது. அதிலும் அதிகமாகக் கேலி பேசியது யார் என்று கேட்காதீர்கள்.

போன வருடம் ஒரு காலை நேரம். ஒரு வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தபோது குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. போட்டவர் வேலூர்ப் பக்கத்து பிளம்பர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒரு சமையலறை. சிங்க் நிறையக் கறுத்த தண்ணீர். அதில் பாத்திரங்கள் மிதந்தன. மேடை முழுக்கப் பூஞ்சை, தரையில் குப்பை கட்டிப் போட்ட பிளாஸ்டிக் பைகள், அவற்றின் மேல் எலி கொறித்த அரிசிப் பை. நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உடனே எழுதினேன்: "இந்த ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துருங்கப்பா." பத்துப் பேர் சிரித்தார்கள்.

சிரிப்பெல்லாம் வந்து முடிந்த பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்க்குக்குக் கீழே வெள்ளைக் குழாய், அதன் வளைவில் மாட்டுகிற எல்போ மட்டும் சாம்பல் நிறம். அதை மாட்டியவன் நான். வெள்ளை எல்போ கையில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருப்பதை வைத்து ஒப்பேற்றினேன். "ஏன்டா, பேன்ட் போட்டவனுங்களுக்கு நடுவுல ஒரு வேட்டிக்காரனை நிறுத்தி உட்ருக்கறே" என்று என் அக்கா வீட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அது அக்காவின் வீடு.

மாமா லாரி ஓட்டினார். அந்தப் போட்டோ வருவதற்கு ஒன்றரை வருடம் முன்னால் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர் எழவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. முதல் சில மாதம் வாரா வாரம் போனேன். ஒருநாள் அக்கா கதவைத் திறக்காமல் ஜன்னலில் நின்று, "நல்லாத்தான் இருக்கறன், நீ போ சாமி" என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நாமக்கல்லில் இருந்து வேலூர் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவனை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூடவா முடியாது? அன்றோடு போவதை நிறுத்தினேன். போனில் மட்டும் பேசுவோம். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்பாள். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. இப்படியே பதினான்கு மாதம்.

எழுதியதை அழித்தேன். வால்வை அரைகுறையாக விட்டுவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கிளம்பினேன். "என்ற அக்கா ஊட்டுல தண்ணி தேங்கிக் கெடக்குதுங்க. இன்னிக்கு வரமாட்டனுங்க, நாளைக்கு வாரனுங்க." அந்த அம்மா போங்க என்று கையைக் காட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வேலையை நேராக முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா வீட்டு வாசலில் எனக்கு முன்னால் ஒரு வண்டி நின்றது. வேலூர்க்காரர். வண்டியில் பிளீச்சிங் பவுடர், ரப்பர் கையுறை, இரண்டு காலிச் சாக்கு. அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"ஏனுங்ணா, நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?"

"நீங்க எங்கே இங்கே? காலைல வந்துட்டுப் போய்த்தானே போட்டோ போட்டீங்க?"

அவர் கையுறையைப் பிரித்தபடியே சொன்னார். "நானும் சாமான் வாங்கிட்டு வாரனுங்கன்னுதான் சொல்லிட்டுப் போனனுங்ணா. அந்தக்கா என்னுங்க சொல்லுச்சு? 'ஏற்கெனவே நாலு பேரு சாமான் வாங்கப் போயிருக்காங்க, ஒரே சாமானை ரெண்டு தடவை வாங்கிறாதீங்க, அவியள வழியில பார்த்தா சொல்லிருங்க'ன்னுச்சுங்க. டீக்கடையில போய் உக்காந்து டீயை வாயில வெச்சா எறங்கலைங்ணா."

"அது என்ற அக்காங்க," என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. பையிலிருந்து போனை எடுத்து, என் கண் முன்னாலேயே குரூப்பில் இருந்து அந்தப் படத்தை அழித்தார். "மத்தவிங்க கிண்டலையெல்லாம் அப்புறம் அழிச்சுக்கலாமுங்க, மொதல்ல வேலையைப் பார்க்கலாமுங்க" என்றார். யார் வீடு என்றே தெரியாமல், யாரும் மறுபடி கூப்பிடாமல், சொன்ன சொல்லுக்காகத் திரும்பி வந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவர் வராமல் இருந்திருந்தாலும் நான் வேலையைச் செய்திருப்பேன். ஆனால் அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வந்திருக்குமா, தெரியாது. அவர்தான் முதலில் உள்ளே போனார்.

அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்கு ஆரு சாமி சொன்னாங்க?"

"இவருதான்," என்றேன். பொய் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லவும் இல்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

"நானே ஒரு பிளம்பர், என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று கத்திவிட்டேன். கத்தாமல் எனக்குப் பேச வராது.

"உனக்குத்தான் எப்படிக் காட்டறது?" என்றாள். "மத்தவிங்கன்னா வேலையைப் பார்த்துட்டுப் போயிருவாங்க. நீ பார்த்தா அழுவியே."

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் நானும் வேலூர்க்காரரும் வேலை பார்த்தோம். பைகளைச் சாக்கில் கட்டி வெளியே எடுத்தோம். தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டினோம். இரண்டு செத்த எலி. நான் கையுறைக்கு மேல் ஒரு கையுறை போட்டிருந்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அக்கா முதலில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து, மிதந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கித் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் சிங்க்கின் வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தால், எலி கடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதை முழுசாக மாற்றியாக வேண்டும். வேலூர்க்காரர் அளவெடுத்துச் சொன்னார். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அக்கா கல்லுக்குப் பக்கத்தில் கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அது வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள். "சாமான் வாங்கோணுமா? செரி, போயிட்டு வா சாமி." குரலில் ஒரு குறையும் இல்லை, கோபமும் இல்லை. நாலு பேருக்கும் இப்படித்தான் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருப்பாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"நீயும் வா," என்றேன்.

"நானா? கடைக்கா? தலை கிடக்கற கோலத்துக்கு?"

"வாக்கா."

வேலூர்க்காரர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "போயிட்டு வாங்கக்கா. நான் இங்கேயேதான் இருப்பனுங்க. இன்னும் வேலை கெடக்குது."

முகம் கழுவி, சேலை மாற்றி, செருப்பைத் தேடி எடுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. வழக்கமாக எனக்கு ஐந்து நிமிடம் காத்திருந்தாலே பொறுக்காது. அன்றைக்கு வாசலில் நின்று காத்திருந்தேன். அவள் வீட்டை விட்டு வெளியே போய் ஒரு வருடத்துக்கும் மேலாகியிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாழைத்தோப்பு தாண்டும்வரை கண்ணைத் திறந்திருந்தாளா மூடியிருந்தாளா தெரியாது. பிடி மட்டும் தளரவில்லை.

ஹார்டுவேர் கடையில் கூட்டம். மூன்று நான்கு பேர் நின்றார்கள். கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்க என்று வேறு ஒருவருக்குப் பெயின்ட் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பழக்கப்படி ஓரமாக நின்றேன். அக்கா நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் கல்லாவில் கையை ஊன்றினாள். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"கொஞ்சம் சீக்கிரம் குடுங்க. எங்கூட்டுல ஆளு வேலை செஞ்சுக்கிட்டு இருக்காருங்க."