பெரியப்பா அழுத்திய பொத்தான்

அந்தப் பொத்தானை நினைத்தாலே இன்றும் என் கட்டைவிரல் கூசுகிறது. ஒயரின் முனையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பொத்தான். மெஷினின் வெள்ளைக் குழிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுங்கினாலும் அதை அழுத்த வேண்டும். பார்வை எந்தெந்த இடத்தில் செத்துப்போயிருக்கிறது என்று காட்டும் சோதனை அது. திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் அதை எடுப்பதுதான் என் பிழைப்பு.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, ஓசையை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். "கண்ணு பொய் சொல்லும்மா, காது சொல்லாது" என்று வாய்க்கு வாய் சொல்வார். படியில் இரண்டு முறை தடுக்கியதாக ஒருநாள் என்னிடம் வந்தார். முதலில் ஸ்கேன் எடுத்தேன். விழித்திரையில் நரம்பு அடுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளப்பது அது. போதுமான கனம் இருந்தால் பச்சை, தேய்ந்திருந்தால் சிவப்பு. பெரியப்பாவின் தாளில் பாதிக்கு மேல் சிவப்பு. கண் நரம்பைத் தேய்க்கும் குளுக்கோமா நோயில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். ஆனால் பொத்தான் சோதனையில் மனிதர் ஒன்றைக்கூட விடவில்லை. வெளிச்சம் காட்டாதபோதும் அழுத்தியிருக்கிறார் என்று தாளின் ஓரத்தில் மெஷின் சொல்லியிருந்தது. ஆர்வக்கோளாறு என்று விட்டுவிட்டேன். "ஸ்கேன்தான் சரியா விழல சார், கண்ணு வறண்டிருக்கு" என்று டாக்டரிடம் நானே சொன்னேன். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார் அவர். "பாத்தியா, முழு மார்க்கு!" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பிறகு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை, பாவி.

ஒரு வருஷம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். வீட்டில் காத்து கருப்பு ஏதோ இருக்கிறதென்று பெரியப்பா தாயத்துக் கட்டிக்கொண்டாராம். போய்ப் பார்த்தேன். "உங்க பெரியம்மா பேசுறா, ஆளைக் காணோம்மா. அவ நிக்கிற எடத்துல செவுரு முழுசா தெரியுது. திடீர்னு பக்கத்துல வந்து நிக்கிறா" என்றார். அவர் சொல்லும்போதே பெரியம்மா அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தார். அந்த இடம் இருட்டாகத் தெரிந்திருந்தாலாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். பார்வை போன இடத்தை மூளை சுண்ணாம்பு பூசிச் சுவராக்கி வைத்திருந்தது.

மறுநாளே சோதனைக்கு உட்கார வைத்தேன். குழிக்குள் இருக்கும் கண்ணை எனக்குத் திரையில் காட்டும். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், பெரியப்பாவின் கண் மூடியிருந்தது. கட்டைவிரல் மட்டும் நேரம் தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "டக்குனு ஒரு சத்தம் வருதே, அப்ப வெளிச்சம் வருதுன்னுதானே அர்த்தம்?" என்றார் குழந்தை மாதிரி. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மெஷினுக்குள் எழும் அந்தச் சின்னச் சத்தம், அத்தனை வருஷத்தில் என் காதில் விழுந்ததே இல்லை. அவர் ஏமாற்றவில்லை. பார்த்ததாகவே நம்பியிருந்தார்.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. வளையல் சத்தத்தில் பெரியம்மாவைக் கண்டுகொள்கிறார். இந்த நோய் ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கும் வரலாம், அவர்களும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், என் கண்ணைப் போன வாரம்தான் காட்டினேன். ஸ்கேன் தாளின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. பிறகு அதே பொத்தானைப் பிடித்து உட்கார்ந்தேன். "சூப்பர்க்கா, ஒண்ணுகூட விடல" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. டக், டக் என்று அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டிருந்தது.

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். நாலைந்து வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றுமே இல்லை. குழி வெள்ளையாக, முழுசாக இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டாள் போல என்று காத்திருந்தேன். அவள் என் தோளைத் தொட்டு, காதுப் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஓடிட்டுதான் இருக்கு. அமுக்குங்க."