நான் பளபளப்பாக்கிய நீச்சல் குளம்

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் தொழிலில் கற்ற அத்தனை வித்தையையும் இறக்கி, கூடவே நின்று மேற்பார்வை பார்த்து, ‘ஓகே’ என்று கையெழுத்தும் போட்டு ஒரு முட்டாள்தனத்தை முடித்துக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப் பிரிவில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பம்பரை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, துளி சொரசொரப்பு தெரிந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. ஷிப்ட் முடிந்ததும் அந்தக் கண்ணையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்க வேண்டும்.

வல்லம் வடகால் பக்கம் எங்கள் குடியிருப்பு. நடுவில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு நீச்சல் குளம். என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் டாக்டர். மூன்று மாதத்துக்குள் கால் மடங்கிப் பழகாவிட்டால் அப்புறம் சரியாக மடங்காது என்றும் சொன்னார். அவளும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையில் இருபது சுற்று நடந்தாள். குளத்தின் பூச்சு தேய்ந்து, சொத்தைப் பல் மாதிரி அங்கங்கே குழி. ஒருநாள் அவள் கால் கட்டைவிரலில் கீறல் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம். எனக்கு அது போதாதா? அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, “குளத்தை என்கிட்ட விடுங்க, பதினஞ்சே நாள்” என்று முழங்கிவிட்டேன்.

பென்னலூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். தண்ணீரை இறைத்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, குழிகளை அடைத்துக் காயவிட்டார். பிறகு எபாக்ஸி பெயிண்ட் டப்பாவைத் திறந்தபடி சொன்னார்:

“தரைக்கு மட்டும் கடைசி கோட்டுல கொஞ்சம் மணல் தூவிக்கலாம் சார். கால் புடிக்கும்.”

“மணலா? எங்க லைன்ல இப்படி வந்தா ரிஜெக்ட்.”

“காரு மேல யாரு சார் நடக்கப் போறாங்க?”

பதில் இல்லாதபோது சூப்பர்வைசர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன்: குரலை உயர்த்தினேன். “இன்னாவோ செய், உங்க வூட்டுக் கொளம்” என்று அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கோட் அடித்ததும் தேய்க்க வைத்தேன். குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் தரையில் என் முகமே தெரிந்தது. அதை அப்போதே இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

தண்ணீர் நிரம்பிய காலையில் அவள் இறங்கினாள். இரண்டாவது எட்டில் கால் வழுக்கி, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு “அம்மா!” என்றாள். மெல்ல ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். திட்டியிருந்தால் ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன்.

பெயிண்டருக்குப் போன் போட்டேன். “மறுக்கா மொத்தத் தண்ணியும் எறைக்கணும் சார். எறைச்சுட்டு சொல்லு, வரேன்” என்றார். அசோசியேஷன் செயலாளரிடம் ஓடினேன்.

“கண்ணாடி மாதிரி கீது சார். புள்ளைங்க சறுக்கிக்கினு இன்னா குஷியா ஆடுதுங்க! இந்த வெயில்ல அவ்ளோ தண்ணிய எவன் கீழ ஊத்துவான்? மழைக்கு அப்புறம் பாப்போம்.”

பாராட்டி ஒரு சால்வையும் போர்த்தினார்கள். என் குளம் ஊரில் எல்லாருக்கும் பிடித்திருந்தது; கால் மடங்க வேண்டியவள் ஒருத்தியால்தான் அதில் நிற்க முடியவில்லை. குளத்துத் தரையில் ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். மறுநாள் காலை அது எருமை மாதிரி மேலே மிதந்துகொண்டிருந்தது. இவள் மாடி வராந்தாவில் நடந்து பார்த்தாள். பத்து நடையில் வலி தாங்காமல் உட்கார்ந்தாள். உட்காரும்போது அந்தக் கால் மட்டும் நேராக நீட்டியே இருந்தது.

ஆபரேஷன் ஆகி மூன்றாவது மாதம் பிறந்ததும், நானே கம்பியாக இருந்துவிடலாம் என்று குளத்தில் இறங்கினேன். ஒரே எட்டு. மல்லாந்து முங்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, எழுந்து, இன்னொரு தரம் விழுந்து, ஓரத்தைப் பற்றிக்கொண்டு அவளிடம் கையை நீட்டினேன்.

“வா, என்னைப் புடிச்சுக்கோ. ஒண்ணும் ஆகாது.”

படியில் நின்றபடி என்னையே பார்த்தாள்.

“மொதல்ல நீங்க நில்லுங்க.”