ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆன குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை பெர்னார்டின் காரைத் தள்ளுவதற்காக ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். தள்ளவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெர்னார்டுக்கு பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் வீடு, வைட்ஃபீல்டில் வேலை. வார நாட்கள் ஆபீஸ் பஸ்ஸுக்கு. மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும் ஒரு பழைய இங்கிலாந்து காருக்கு. மெனக்கெட்டு அதைப் புதுசாக்கி... மன்னிக்கவும், ‘பழசாக்கி’ வைத்திருக்கிறார். புதுசு என்று சொன்னால் கோபம் வரும்.

பெயிண்ட் புதுசு. சீட் புதுசு. டயர் கப்பலில் வந்தது. இன்ஜினுக்குள் பாதி சாமான் அடுகோடி லேத் பட்டறையில் கடைந்தது. இதெல்லாம் பரவாயில்லையாம். பேட்டரி மட்டும் அந்தக் காலத்து மாதிரியே இருக்க வேண்டுமாம் — கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார்ப்பூச்சு, வரிசையாக மூடிகள். கிளாசிக் கார் கண்காட்சியில் நடுவர்கள் பானட்டைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். நவீன பேட்டரி இருந்தால் மார்க் போச்சு!

ஏன், பெட்ரோல் மட்டும் அந்தக் காலத்துப் பெட்ரோலா? கேட்டேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

அப்படி ஒரு பேட்டரியை ஆர்டர் கொடுத்துச் செய்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்த்தார். ஆனால் கீறல் விழுந்துவிடும் என்று காரை வெளியே எடுக்க மாட்டார். சும்மாவே நிற்கும் காரில் பேட்டரி எப்படிச் சார்ஜ் ஆகும்? கண்காட்சி நாளன்று சாவியைத் திருப்பினால் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெர்னார்ட் ஸ்டியரிங்கில், அவர் மனைவி ஸ்டெல்லா காருக்குப் பின்னால். ஸ்டெல்லா என் மனைவியின் தங்கை.

போன கண்காட்சிக்குப் பட்டுப்புடவையோடு தள்ளிவிட்டு வந்தவள், என் எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

“இதான் கடைசி. இன்னொரு வாட்டி என்னைத் தள்ள வெச்சீங்கன்னா, இந்த வீட்ல ஒண்ணு காரு இருக்கும், இல்ல நான் இருப்பேன். யோசிச்சுக்கோங்க.”

பெர்னார்ட் நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேட்டரிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர், “மாசத்துக்கு எவ்ளோ ஓடும் சார்?” என்றார்.

“பாக்க நல்லா இருக்கணும்” என்றார் பெர்னார்ட்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் யோசனை சொன்னேன். பழைய பெட்டியைக் காலி செய்வது. உள்ளே சின்னக் காருக்குப் போடும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி ஒன்றை வைப்பது. மேலே பழைய மூடியை மாட்டிவிடுவது.

“அது மோசடி பிரதர்!”

“ஸ்டெல்லா வீட்ல இருப்பா பிரதர்.”

தலையாட்டினார்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினார். ஒரே தடவை! இன்ஜின் ஓட ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றிருந்த ஸ்டெல்லா ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

கண்காட்சியில் நடுவர் ஒரு கன்னடக்காரர். வெள்ளை மீசை. பானட்டைத் திறந்து கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். “பியூட்டிஃபுல்!” என்றார். “ஸ்டார்ட் மாடி” — ஸ்டார்ட் பண்ணுங்கள்.

உடனே ஸ்டார்ட் ஆனது. வந்தது வினை.

“ஒந்தே சல?” — ஒரே தடவையிலா? மீசை துடித்தது. “ஒரிஜினல்னா இப்படி ஆகாதே!”

மூடியைத் தூக்கினார். குட்டு உடைந்தது. மார்க் போச்சு.

முதல் பரிசு யாருக்கு? குடும்பமே சேர்ந்து மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு காருக்கு. கைதட்டல் வேறு!

நமக்கு எப்போதுமே இப்படித்தான். உட்கார்ந்தால் முதுகு ஒடியும் நாற்காலி ‘ஆன்ட்டிக்’. கையைச் சுடும் பித்தளை டம்ளரில் குடித்தால்தான் காபி ‘ஒரிஜினல்’. கஷ்டப்படுத்தினால்தான் அசல் என்று ஒரு நினைப்பு. கஷ்டப்படுவது வேறு யாரோ என்றால் மதிப்பு இன்னும் கூடிவிடுகிறது.

பெர்னார்டின் முகம் தொங்கிவிட்டது. “வித்துடலாம் ஸ்டெல்லா” என்றார்.

“இப்பதானே ஓடுது? இப்பப் போய் யாராச்சும் விப்பாங்களா?” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் அவள்.

கிளம்பும்போது நடுவர் தனியாக வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“உள்ள வெச்சீங்களே, அந்த பேட்டரி... எந்தக் கடைம்மா?”

மைதானத்தின் கோடியில் அவருடைய பழைய கார் நின்றிருந்தது. அதன் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மாள் தயாராக நின்றிருந்தார்.