முன்பக்கம் தூக்கிய வண்டி

என் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கியது, உடுமலைக்கு அப்பால் இருக்கும் மடத்துக்குளத்துத் தோட்டங்களுக்காக. அங்கே ஒரு தேங்காய் வியாபாரி, தனக்கே நிரந்தரமாக ஓட்டச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். தோட்டத்துத் தடத்தில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு கட்டிக் கிடந்தது. பார்க்கப் போன அன்றே வண்டியின் அடி தட்டியது. "முன்னாடி ஒசத்திக்கிட்டு வாங்க, திங்கக்கிழமை ஆரம்பிச்சுக்கலாம்" என்றார் அவர்.

முதலிபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சுருள் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றி, அதன் தலையில் ஒரு கெட்டி வளையத்தை வைத்து மறுபடியும் மாட்டினார்கள். ஸ்பேசர் என்கிறார்கள். வளையம் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது, ஆனால் வண்டி முன்னால் இரண்டு அங்குலத்துக்கு மேலேயே ஏறிவிட்டது. வீல் அலைன்மென்ட் பார்த்து, வானத்தைப் பார்த்த ஹெட்லைட்டையும் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். சீட்டில் உட்கார்ந்தால் ரோடு கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

மிச்சம் இருந்தது மச்சானிடம் சொல்வதுதான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். திருப்பூரில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்குத்தான் ஓட்டுகிறேன். நூல் மூட்டை கொண்டுவந்து இறக்குவேன், துணி ரோலை ஏற்றிக்கொண்டு சாயம் போட டையிங்குக்குப் போவேன். ஒரு நாளும் என்னை டிரைவராக நடத்தியதில்லை அவர். சங்கடமே அதில்தான். எங்கள் பக்கத்தில் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு மரியாதை. நான் உள்ளே போனால் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பார். சாப்பிடாமல் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாலும் "உங்களுக்கு முடியுமுங்களா மாப்ள?" என்றுதான் கேட்பார். அப்படிக் கேட்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வேறு கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டால், "மாப்ள நம்ம வண்டிங்க" என்று அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை நூல் லோடு. இறக்கிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். ஷெட்டு வாசலுக்கு மேல் நூல் மூட்டை அடுக்குவதற்காக மச்சான் இரும்புப் பரண் போட்டிருக்கிறார். வழக்கம்போல ரிவர்ஸில் உள்ளே விட்டேன். கேபின் மேல் இருக்கும் கேரியர், பரணின் பீமுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளியில் தப்பித்து நின்றது. உள்ளே போனது வெளியே வராதா என்று இருந்துவிட்டேன்.

மூட்டை இறங்க இறங்க ஸ்பிரிங் எழும்பும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாதி மூட்டை இறங்கியதும் மேலே நறநறவென்று சத்தம் கேட்டது. கடைசி மூட்டையும் இறங்கியபோது கேரியர் பீமை முட்டிக்கொண்டு இறுகி நின்றது. முன்னால் நகர்த்திப் பார்த்தேன். பரண் மொத்தமும் குலுங்கியது. நிறுத்திவிட்டேன்.

மாடியில் தைக்கிறவர்கள் டீக்கு இறங்கும் நேரம். சுற்றி நின்றுகொண்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"காத்தை எறக்கி விடலாமுங்க" என்றார் ஒருவர்.

"நாலு டயரையும் எறக்கிட்டு, அப்பறம் தோள்லயா தூக்கிட்டுப் போறது?" என்றார் ஓர் அக்கா.

மச்சான் வந்தார். பீமைப் பார்த்தார், முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "மூட்டையை மறுபடி ஏத்த நேரமாகும். எல்லாரும் வண்டில ஏறுங்க" என்றார்.

ஏறினார்கள். வடக்கத்திப் பையன்கள் டீ டம்ளரோடு ஏறினார்கள். அந்த அக்காவை இருவர் கை கொடுத்துத் தூக்கினார்கள். "மெலிஞ்சவங்கெல்லாம் கீழ நில்லுங்க. என்னையாட்டம் ஒருத்தி ஏறினாத்தான் வண்டி அசையும்" என்றார். வண்டி அசைந்து கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் நூலிழை போதவில்லை. மச்சான் கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எடுங்க மாப்ள."

கேரியர் பீமை உரசிக்கொண்டே வெளியே வந்தது. பின்னால் எல்லோரும் கை தட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். மச்சான் இறங்கவில்லை.

"முன்னாடி தூக்கியிருக்கறீங்களாட்டம் இருக்குதுங்க."

"ஸ்பேசர் போட்டேனுங்க. தோட்டத்துத் தடத்துல அடி தட்டுதுங்க."

"எந்தத் தோட்டமுங்க?"

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் கைக்கு வரவில்லை. மடத்துக்குளம், தேங்காய், திங்கட்கிழமை என்று துண்டு துண்டாகச் சொன்னேன். கடைசியில், "இனி இங்க வர்றதுக்குத் தோதுப்படாதுங்க மச்சான்" என்பதும் வந்துவிட்டது. இதை நான்தான் சொன்னேனா என்று இருந்தது.

மச்சான் திரும்பிப் பீமைப் பார்த்தார்.

"பரணைத் தாழப் போட்டது என் தப்புங்க. நாளைக்கே வெல்டரை வரச்சொல்றேன். அறுத்து ஒரு அடி தூக்கிருவோம்."

"அதுக்கில்லீங்க. வேண்டாமுங்க."

"இதுல என்னங்க இருக்குது? நீங்க சங்கடப்படாதீங்க. உங்க வண்டிக்கு இல்லாத எடமா?"

"நான் சொல்றது வந்துங்க…"

"புரியுதுங்க மாப்ள. காலைல தேங்கா ஏத்துங்க, வேண்டாங்கலை. மத்தியானத்துக்கு மேல நம்மளுதைப் பாத்துக்கலாம். சாப்பிட வாங்க, எலை போட்டிருக்குது."

எங்கள் பேச்சில் வேண்டாம் என்றால் அது பெரும்பாலும் உபசாரம்தான். இன்னும் ஒரு முறை வற்புறுத்தச் சொல்லும் வார்த்தை அது. அவர் அப்படி எடுத்துக்கொண்டாரா, இல்லை புரிந்துகொண்டேதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வந்தார். தீப்பொறி பறக்கப் பறக்க, மச்சான் வெயிலில் நின்று எனக்காக உயரம் அளந்துகொண்டிருந்தார்.

இப்போது விடியுமுன் மடத்துக்குளம் போகிறேன். ஒரு லோடுதான் எடுக்க முடிகிறது. தேங்காய் வியாபாரி மத்தியானத்துக்கு வேறு வண்டி விசாரித்துக்கொண்டிருக்கிறார். லோடு முழுதும் அந்த வண்டிக்கே போய்விடுமென்று எனக்குத் தெரியும். நேற்றும் தோட்டத்துத் தடத்தை விட்டு மெயின் ரோட்டில் ஏறும்போது போன் அடித்தது.

"எங்கீங்க மாப்ள வந்துட்டிருக்கீங்க? ஒண்ணும் அவசரமில்லீங்க. சும்மா கேட்டேன்."

"உடுமலைகிட்ட வந்துட்டேனுங்க மச்சான்" என்று பொய் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.